சிக்னல் சித்தப்பா பதில்கள்

ஹால்வாசி, தஞ்சாவூர்
ஹாலில் பறக்கிற வைஃபை, படுக்கையறையில் தவழ்கிறதே?
நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு. சுவரை ஒட்டி இரும்பு பீரோ. பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி, அதன் முதுகில் உலோகப் பூச்சு. அலை அதில் முகம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. உங்கள் தாத்தா திருடனுக்குப் பயந்து கட்டிய வீடு. பாவம், வைஃபையும் மாட்டிக்கொண்டது.

கொம்புப் பிரியர், கரூர்
எட்டு ஆண்டெனா ரவுட்டர் வாங்கினேன். மாடியில் சிக்னல் கோடு காட்டுகிறது. எதுவும் திறக்க மாட்டேன் என்கிறது. ஏன் சித்தப்பா?
ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்கிறது. போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கவில்லை. வைஃபை இருவழிப் பேச்சு. போன் அனுப்பும் திறன் சில பத்து மில்லிவாட்தான். கொம்பு கூடினால் ரவுட்டரின் காது கொஞ்சம் கூர்மையாகும். சுவர் மெலியாது.

புதுமனை புகுந்தவர், திருச்சி
ரவுட்டர், ஆக்சஸ் பாயின்ட், என்ன வித்தியாசம்?
ரவுட்டர் வீட்டு நெட்வொர்க்கை வெளி இணையத்தோடு இணைக்கும். வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கும். ஆக்சஸ் பாயின்ட் கம்பியில் வந்ததைக் காற்றில் விடும், காற்றில் வந்ததைக் கம்பியில் ஏற்றும். அவ்வளவே அதன் உத்தியோகம்.

கடையில் ‘ரவுட்டர்’ என்று விற்கிற டப்பாவுக்குள் ரவுட்டர், சுவிட்ச், ஆக்சஸ் பாயின்ட் மூன்றும் குடியிருக்கின்றன. ஃபைபர்காரர் தந்த பெட்டி என்றால், ஃபைபர் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் ஓஎன்டியும் சேர்த்து நான்கு. கூட்டுக்குடும்பம்! ஒருவர் வாசலில் உட்கார்ந்தால் நால்வரும் வாசலில்தான். ஆக்சஸ் பாயின்டை மட்டும் மாடியில் தனிக்குடித்தனம் வையுங்கள். குடும்பம் உடையாது, சிக்னல் உயரும்.

சிக்கனசிகாமணி, சிவகாசி
அதெல்லாம் எதற்கு? மலிவாக ஒரு ரிப்பீட்டர் செருகினால் போதாதா?
ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், கேட்டதை அதே சேனலில் மறுபடி சொல்லும். ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பயணம். வேகம் ஏறக்குறைய பாதி. போதாக்குறைக்கு அதைச் சிக்னல் செத்த மூலையில்தான் செருகுகிறோம். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்?

ஆப் ஆர்வலர், கோவை
மெஷ் வாங்கலாமா?
மூன்று டப்பா, ஒரே பெயர், பார்க்க அழகான ஆப். டப்பாக்கள் தங்களுக்குள் காற்றில் பேசினால், அது பட்டம் வாங்கிய ரிப்பீட்டர். கம்பியில் பேசினால், சாட்சாத் ஆக்சஸ் பாயின்ட். வாங்குமுன் டப்பாவைத் திருப்பி, பின்னால் லேன் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். முகம் எல்லாவற்றுக்கும் அழகாகத்தான் இருக்கும்.

தர்க்கவாதி, திருநெல்வேலி
கம்பியில்லா இணையத்துக்குக் கம்பி இழுக்கச் சொல்கிறீர்களே, முரணாக இல்லை?
சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002 முதல் கடலடிக் கேபிள் கிடக்கிறது. 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அவ்வளவு தூரம் சொகுசாக வந்த இணையம், உங்கள் வீட்டில் கடைசி முப்பது அடியில் மூச்சு வாங்குகிறது. கடலுக்கடியில் இழுத்தவர்களே அலுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் பரண் வழியாக இழுக்க யோசிக்கிறீர்கள்.

வயரிங் நடக்கும் வீட்டுக்காரர், நாமக்கல்
எந்தக் கேபிள் போடட்டும்?
கேட் 5ஈ, 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். கேட் 6, ஏறத்தாழ 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ். புது வீடென்றால் கேட் 6 போடுங்கள். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவாகக் கிடைக்கும், அதனால்தான் மலிவு. கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க விடாதீர்கள். ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்பார் எலக்ட்ரீஷியன். ஆனபிறகு போன் எடுக்க மாட்டார்.

பரண் ஆராய்ச்சியாளர், கும்பகோணம்
பழைய ரவுட்டர் ஒன்று பரணில் தூங்குகிறது. எழுப்பலாமா?
தாராளமாக. மாடிக்கு ஆக்சஸ் பாயின்டாக அனுப்புங்கள். அமைப்புகளில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’ இருந்தால் அதைத் தட்டினால் முடிந்தது. இல்லையென்றால் மூன்று வேலை. ஒன்று: அதன் முகவரியை மாற்றுங்கள், பெரியவர் 192.168.1.1 என்றால் இவர் 192.168.1.2. இரண்டு: முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணையுங்கள். மூன்று: கீழிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். பரணில் மறுவாழ்வுக்குத் தகுதியானது அது ஒன்றுதான். மூடியில்லாத மிக்ஸியை இன்றைக்காவது எடைக்குப் போடுங்கள்.

அதே ஆராய்ச்சியாளர், அதே பரண்
டிஹெச்சிபியை அணைக்க மறந்தால்? வேன் போர்ட்டிலேயே செருகினால்?
முதல் தவறில், ஒரே வீட்டில் இருவர் முகவரி வழங்குவார்கள்; டிவிக்கும் லேப்டாப்புக்கும் ஒரே எண் விழுந்தால் இரண்டும் திணறும். இரண்டாவது தவறில், மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். கீழே இருக்கும் லேப்டாப்புக்கு மாடி பிரின்டர் கண்ணில் படாது. இரண்டு தவறையும் செய்துவிட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டுவது மூன்றாவது தவறு.

பால் காய்ச்சுபவர், பழனி
மைக்ரோவேவ் ஓடினால் வீடியோ நிற்கிறது. பிரமையா?
நிஜம். அடுப்பு இயங்குவது 2.45 கிகாஹெர்ட்ஸ், உங்கள் வைஃபை 2.4. அக்கம்பக்கம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் பாலும் பொங்கும், படமும் ஓடும்.

வெட்கப்பட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி பல ஆண்டுகளாக ஒரு புதிர் சமிக்ஞையைப் பிடித்துக் குழம்பியது. 2015-இல் துப்புத் துலங்கியது: அந்த நிலையத்து மைக்ரோவேவ்தான். ‘டிங்’ அடிக்குமுன் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். விஞ்ஞானிக்கும் பசிக்கும்.

வரலாற்று மாணவி, மதுரை
வைஃபையைக் கண்டுபிடித்தது ஹாலிவுட் நடிகையாமே?
ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் 1942-இல் வாங்கிய காப்புரிமை, டார்பிடோவை வழிநடத்தும் அலைவரிசையை எதிரி முடக்காதபடி தாவித் தாவிப் போகச் செய்வது. புளூடூத் இன்றும் தாவுகிறது. வைஃபையின் 1997 தரத்தில் தாவலும் ஒரு வழியாக இருந்தது, பிறகு கைவிட்டார்கள்.

இன்னொரு முக்கியக் காப்புரிமை ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவுடையது. அமெரிக்காவில் 1996-இல் கிடைத்தது. மேலே சொன்ன தொலைநோக்கியும் அவர்களுடையதே. ஆக, பெருமையில் நடிகைக்குக் கொஞ்சம், வானியலாளருக்கு நிறைய. வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு முழுசும்.

அடுக்ககவாசி, வேளச்சேரி
போனைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை இருபது தெரிகிறது. எந்தச் சேனல் வைக்கட்டும்?
2.4-இல் ஒன்றோடொன்று உரசாதவை மூன்றே: 1, 6, 11. ‘யாருமில்லாத 3-இல் உட்காருகிறேன்’ என்று புத்திசாலித்தனம் செய்யாதீர்கள். ஒரே சேனல்காரர்கள் ஒருவர் முடித்தபின் ஒருவர் பேசுவார்கள். பாதி உரசுபவர்களுக்கு அந்த மரியாதை இல்லை, கூச்சல்தான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். சுவரை எளிதில் தாண்டாது என்பது அதன் குறை. பக்கத்து வீட்டு 5-உம் உங்கள் சுவரை எளிதில் தாண்டாது என்பது அதன் அழகு.

நடந்துகொண்டே பேசுபவர், சேலம்
மாடி ஏறினாலும் போன் கீழ் வைஃபையை விடமாட்டேன் என்கிறது!
எதைப் பிடிப்பது, எப்போது விடுவது என்று தீர்மானிப்பது போன். ஆக்சஸ் பாயின்ட் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, வேறு வேறு சேனல் கொடுங்கள். அலைத்திறனை ‘ஹை’யிலிருந்து ‘மீடிய’த்துக்கு இறக்குங்கள், கீழ்ச் சிக்னல் மாடியில் மங்கினால்தான் போனுக்குப் புத்தி வரும்.

ஆக்சஸ் பாயின்ட் அமைப்புகளில் 802.11 கே, வி, ஆர் இருந்தால் போட்டுவிடுங்கள். கே, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று சொல்லும். வி, ‘அங்கே போயேன்’ என்று யோசனை சொல்லும். ஆர், போகும்போது தாமதத்தைக் குறைக்கும். போவதும் போகாததும் போன் இஷ்டம். வாங்கிக் கொடுத்ததே நாம்தான், என்ன செய்ய?

கணக்கு வாத்தியார், விருதுநகர்
அட்டைப் பெட்டியில் ஏஎக்ஸ்3000 என்கிறான். 3,000 எம்பிபிஎஸ் வருமா?
2.4-இல் 574, 5-இல் 2,402. கூட்டி, முழுமையாக்கி, 3,000. அதுவும் ஏட்டுக் கணக்கு. உங்கள் போன் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் ஏறும். கூட்டல் சரி சார், கூட்டியதுதான் தப்பு.

ஏமாந்தவர், ஈரோடு
100 எம்பிபிஎஸ் பிளான். டவுன்லோடு 12 எம்பி என்றுதான் காட்டுகிறது. மோசடிதானே?
பிளான் பிட்டில். ஃபைல் பைட்டில். எட்டால் வகுங்கள். உங்கள் கேஸ் தள்ளுபடி.

தாராளப் பிரபு, திருப்பூர்
படுக்கையறையில் 8 எம்பிபிஎஸ்தான். பிளானை 300 ஆக்கட்டுமா?
முதலில் லேப்டாப்பைக் கேபிள் போட்டு ரவுட்டரில் நேராகச் செருகிச் சோதியுங்கள். அங்கே முழு வேகம் வந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறார். 300 வாங்கினாலும் படுக்கையறையில் அதே 8. பில் மட்டும் எல்லா அறையிலும் முழு வேகம்.

இன்னொன்று: பழைய ரவுட்டரின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். அதை மாற்றாமல் 300 வாங்குவது தர்மம், வாங்குகிறவர் கம்பெனிக்காரர்.

அழகுணர்ச்சி உள்ளவர், காரைக்குடி
ரவுட்டர் அசிங்கமாக இருக்கிறது. ஷோகேஸ் கதவுக்குள் வைத்துவிட்டேன். தப்பா அங்கிள்?
ரவுட்டரை வையுங்கள் அம்மா, அதன் வைஃபையை அணைத்துவிட்டு. ஹால் கூரையில் வட்டமாக ஒரு ஆக்சஸ் பாயின்ட் மாட்டுங்கள். ‘பிஓஇ’ வகை என்றால் லேன் கேபிளிலேயே கரண்டும் வந்துவிடும். 2003-லேயே தரம் வகுத்துவிட்டார்கள், 15.4 வாட் வரை. பக்கத்தில் பிளக் தேட வேண்டியதில்லை. வருகிறவர்கள் புகை அலாரம் என்று நினைத்து சிகரெட்டை அணைப்பார்கள். அது போனஸ்.

கரண்ட் கட் அனுபவசாலி, கள்ளக்குறிச்சி
மின்சாரம் போனால் மாடியில் ஆக்சஸ் பாயின்டும் போய்விடுமே?
மேலே சொன்ன பிஓஇதான் மருந்து. ஓஎன்டி, ரவுட்டர், பிஓஇ சுவிட்ச் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். வீடு முழுக்க இருட்டு, வீடு முழுக்க வைஃபை. முன்பெல்லாம் கரண்ட் போனால் குடும்பம் திண்ணையில் கூடிப் பேசும். அந்த ஆபத்தும் நீங்கியது.

ஆண்டெனா அலங்காரி, சிதம்பரம்
ஆண்டெனாவை எப்படித் திருப்பி வைக்க வேண்டும்?
குச்சி ஆண்டெனா பக்கவாட்டில் நன்றாகப் பரப்பும். நுனிக்கு நேரே மங்கல். நிமிர்த்தினால் அதே தளத்துக்கு. ஒன்றைப் படுக்கவைத்தால் மேல்தளத்துக்கும் கொஞ்சம். எட்டுத் திசைக்கும் விரித்து வைத்திருந்தால் அது கோலம்.

கவலைப்படும் பாட்டி, ஸ்ரீரங்கம்
தலைக்கு மேல் வைஃபை வைத்தால் புற்றுநோய் வருமாமே?
செல்களின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் இந்த அலைக்கு இல்லை பாட்டி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை ‘2பி’ பிரிவில் வைத்தது. சாத்தியம் இருக்கலாம், ஆதாரம் போதவில்லை என்று அர்த்தம். அதே பிரிவில் ஆசியாவின் சில பகுதிகளில் பாரம்பரியமாகப் போடும் காய்கறி ஊறுகாயும் இருக்கிறது. பேரனின் ரவுட்டரை அணைக்கச் சொன்னால், அவன் உங்கள் ஜாடியைக் கேட்பான். ஜாக்கிரதை.

ரகசியக்காரர், ராமநாதபுரம்
வைஃபை பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பா?
இல்லை. மறைந்த பெயரைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள் போதும். டபிள்யூபிஏ2 அல்லது 3, நீளமான பாஸ்வேர்டு, இதுதான் பூட்டு. வீட்டு நாயின் பெயரும் 123-உம் பூட்டல்ல, தெருவே அறியும்.

நான்கு வாங்கியவர், நாகர்கோவில்
இரண்டு தள வீட்டுக்கு நான்கு ஆக்சஸ் பாயின்ட் வாங்கிவிட்டேன். சரிதானே?
தளத்துக்கு ஒன்று, நடுவாக. நான்கும் கத்தினால் ஒன்றையொன்று இடிக்கும். மீதி இரண்டைத் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் வாங்க மாட்டார், மைத்துனர் வாங்குவார்.

வாடகைக்காரர், வேலூர்
சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார். எனக்கு கதியே இல்லையா?
தட்டையான லேன் கேபிள் கிடைக்கிறது. சுவரோரமாகக் கிளிப் அடித்து, கதவின் கீழ் நுழைத்துக் கொண்டுபோங்கள். காலி பண்ணும்போது சுருட்டிக்கொண்டு கிளம்பலாம். அட்வான்ஸில் பிடிக்க அவருக்கு வேறு காரணம் கிடைக்கும்.

அவசரக்காரர், ஆவடி
கடைசியாக, ஒரே மூச்சில்: வீட்டு வைஃபை சரியாக என்ன செய்யவேண்டும்?
ரவுட்டர், ஃபைபர் நுழையும் இடத்தில். ஆக்சஸ் பாயின்ட், ஆள் உட்காரும் இடத்தில். நடுவே கேபிள். இதற்குப் பிறகும் போதவில்லையா? நகராத டிவி, டெஸ்க்டாப், கேமரா எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து பிடுங்கிக் கேபிளில் மாட்டுங்கள். காற்று காலியாகும், போன் பறக்கும். வைஃபை நன்றாக இருக்க ஒரே ரகசியம், முடிந்தவரை அதைப் பயன்படுத்தாமல் இருப்பது!