இதயத்துக்கு ஆகாது என்ற குளிசை

1897. ஜேர்மனியின் எல்பர்ஃபெல்ட் நகரில் பேயர் கொம்பனி. ஃபீலிக்ஸ் ஹொஃப்மன் என்ற இளம் இரசாயனவியலாளர் செய்த வெள்ளைத் தூள் ஒன்று, மருந்துகளைச் சோதிக்கும் பிரிவின் பெரியவர் ஹைன்ரிச் டிரேசரின் மேசைக்கு வருகிறது. பெரியவர் உதட்டைப் பிதுக்குகிறார்: இது இதயத்துக்கு ஆகாது. அந்தத் தூளுக்குப் பிறகு வைத்த பெயர் அஸ்பிரின்.

ஆள் நல்ல கவனம் என்று நினைப்பீர்கள். பொறுங்கள். அதே ஹொஃப்மன் அதே மாதம் செய்த இன்னொரு தூள் டிரேசருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இருமலுக்கு அருமருந்து என்று 1898இல் கடைக்கே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பெயர் ஹெரோயின்!

அஸ்பிரினைக் காப்பாற்றியவர் அதே கொம்பனியின் இரசாயனவியலாளர் ஆர்தர் ஐகன்கிரூன். தானே விழுங்கிப் பார்த்து, உயிரோடுதான் இருக்கிறோம் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பெர்லின் டொக்டர்மாருக்கு இரகசியமாகக் கொடுத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1899இல் அஸ்பிரின் விற்பனைக்கு வந்தது. றோயல்டி யாருக்கு? வேண்டாம் என்ற டிரேசருக்கு. ஐகன்கிரூன் யூதர், நாஜிகள் காலத்தில் அவர் பெயரே கதையிலிருந்து காணாமல் போனது. வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டு, 1949இல் உண்மையை எழுதி அச்சேற்றி, அதே மாதம் கண்ணை மூடினார்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். ஆரையம்பதியில் கிளினிக் கொப்பியோடு வரும் பெரியவரிடம் அந்தச் சின்ன அஸ்பிரின் குளிசை எதற்கென்று கேளுங்கள். "அதா மனே? ரெத்தத்தத் தண்ணியாக்கிற குளிச." ஒரு சொட்டுத் தண்ணியும் ஆக்காது. டெங்கு வந்தால் "பிளேட்லெட் எத்தனை?" என்று பதறுவோமே, அந்தப் பிளேட்லெட்தான் இங்கே கதாநாயகன். காயம் பட்டால் ஓடிவந்து அடைப்பது அவர் தொழில். ஆனால் இதயக் குழாய்க்குள் கொழுப்புத் திட்டு வெடித்தாலும் அதே வேகத்தில் ஓடிவருவார். சண்டை பார்க்கக் கூடிய சனம் ரோட்டையே மறித்த கதைதான், பிறகென்ன, மாரடைப்பு.

அவர் மற்றவர்களைக் கூப்பிடும் இரசாயனக் குரலை அஸ்பிரின் அடைத்துவிடுகிறது. பிளேட்லெட்டுக்குக் கருவும் இல்லை, அடைபட்டதைத் திரும்பச் செய்துகொள்ள வழியும் இல்லை. ஏழு, பத்து நாள் ஆயுள் முடியும்வரை ஊமைதான். அதனால்தான் டொக்டரைக் கேளாமல் தொடங்கவும் கூடாது, பல்லுப் பிடுங்கப் போகிறேன் என்று தானாக நிறுத்தவும் கூடாது. அஸ்பிரின் வேலை செய்யும் விதத்தின் அடிப்படையை ஜோன் வேன் கண்டுபிடித்ததே 1971இல்; நோபல் 1982இல். 1971வரை எழுபது வருஷம் உலகம் நம்பிக்கையில் விழுங்கியிருக்கிறது!

இதற்கெல்லாம் முன்பே கலிபோர்னியாவின் கிளெண்டேலில் லோரன்ஸ் கிரேவன் என்ற குடும்ப டொக்டருக்கு ஒரு சந்தேகம். டொன்சில் வெட்டியவர்கள் வலிக்கு அஸ்பிரின் கம் மென்றால் இரத்தம் நிற்கவே மாட்டேன் என்றது. அப்படியென்றால் கட்டிபடாமலும் தடுக்குமே! தன்னிடம் வந்த ஆண்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். 1956இல் கணக்கு வெளியிட்டார்: 8,000 பேர், ஒருவருக்கும் மாரடைப்பு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அஸ்பிரின் எடுக்காத கூட்டம்? அதெல்லாம் எதற்கு! பெரிய டொக்டர்மார் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த வருஷமே கிரேவன் காலமானார். மாரடைப்பு.

1988இல் 17,187 மாரடைப்பு நோயாளிகளை வைத்து முறையாகச் சோதித்தார்கள். அஸ்பிரின் எடுத்தவர்களில் இறப்பு ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. ஆனால் நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் சும்மா எடுத்தால் இலாபமில்லை, இரத்தக் கசிவுதான் கூடுகிறது என்று 2018இல் இன்னொரு பெரிய ஆய்வு சொல்லிவிட்டது. கிரேவன் சரியான குளிசையைப் பிடித்துவிட்டார். ஆளைத்தான் பார்க்காமல் கொடுத்துவிட்டார்.