முற்பகலைப் பிற்பகலாக்கிய மகானுக்கு

அனுப்புநர்: புதிதாகப் பணியில் சேர்ந்த இளநிலை உதவியாளர் (பி.ப.), விழுப்புரம்.

பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள், ஓர் அலுவலகம், திண்டிவனம்.

பொருள்: பணியமைப்பு – இளநிலை உதவியாளர் பணியில் சேர்ந்தது – முற்பகலைப் பிற்பகலாக்கி அருளியமை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது பணியேற்பு அறிக்கை, நாள் 30.06.2025 மு.ப.
2. அதே அறிக்கை, அதே நாள், பி.ப.

ஐயா,

பார்வை 1-ல் கண்ட அறிக்கை பார்வை 2-ல் கண்ட அறிக்கையாக மாறிய அதிசயத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தாள் ஒன்றுதான். 'மு' மேல் ஒரு கோடு, அதன் தலைமேல் ஒரு 'பி'. திருத்தம் செய்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும் அல்லவா? அதையும் என்னையே போட வைத்தீர்கள். அரசுப் பணியில் நான் இட்ட முதல் சுருக்கொப்பம், நான் வந்த நேரத்தில் நான் வரவில்லை என்பதற்கு.

தங்கள் அலுவலகத்துக்குள் நான் நுழைந்தபோது மணி பத்து ஆகவில்லை. கதவு திறந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தங்கள் நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டுகூட ஆஜராகியிருந்தது. தாங்கள் மட்டும்தான் இல்லை. அன்று திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்ப்புக் கூட்டம். நான் விழுப்புரத்தில் பஸ் ஏறித் தங்களைத் தேடித் திண்டிவனம் வருகிறேன், தாங்கள் திண்டிவனத்தில் ஜீப் ஏறி விழுப்புரம் போகிறீர்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் எதிரெதிர் வரிசையில் நாம் நின்றிருக்கவும் கூடும். தெரிந்திருந்தால் அங்கேயே குதித்திறங்கி, ஜீப் கண்ணாடியைத் தட்டி, அறிக்கையை நீட்டி, டோல்கேட்டிலேயே முற்பகலில் சேர்ந்திருப்பேன். கண்டக்டரோ "திண்டிவனம் உள்ள போவாது, பைபாஸ்தான்" என்று சொல்லி இறக்கிவிட்டார். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அவ்வளவுக்குப் பிறகும் பத்துக்கு முன்னால் வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த அதிகப்பிரசங்கித்தனம் போலிருக்கிறது.

மதியச் சாப்பாடு முடிந்து தாங்கள் எழுந்தருளினீர்கள். அறிக்கையைப் பார்த்தீர்கள். "நானே இப்பதாம்மா வர்றேன், அப்புறம் நீ எப்படி முற்பகல்ல சேர முடியும்?" என்றீர்கள். மேலாளர் தலையை ஆட்டினார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மரக்காணம் பக்கம் கடலில் சூரியன் எழுந்தால் திண்டிவனத்துக்குக் காலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தங்கள் ஜீப் கேட்டுக்குள் நுழையும்வரை இந்த ஊரில் பொழுதே விடிவதில்லை என்பதும், விடியும்போதே அது பிற்பகலாகத்தான் விடியும் என்பதும் எந்தக் குரூப் 4 கைடிலும் இல்லை.

அந்தக் குரூப் 4 தேர்வையும் இங்கே பணிவுடன் நினைவுகூர்கிறேன். 9.6.2024, ஞாயிற்றுக்கிழமை. அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். காலை 9.30 முதல் 12.30 வரை 200 கேள்விகள். முழுக்க முழுக்க முற்பகல், ஐயா. ஒன்பது மணிக்கெல்லாம் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஐந்து நிமிஷம் பிந்தி வந்த பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும் காட்சி ஒவ்வொரு தேர்விலும் டி.வி.யில் வருவதுதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுகிறவர்களும் அதில் உண்டு. அரசாங்கம் இரங்குவதில்லை, நேரம் என்றால் நேரம்தான். அப்படிப்பட்ட கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவள் நான். உள்ளே வந்து பார்த்தால், அந்தக் கண்டிப்பெல்லாம் கேட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு மட்டும்தான்.

ஒரு எழுத்துதானே, இதற்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் நினைத்தால் அது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முற்பகலில் சேர்ந்தால் அன்றிலிருந்து சம்பளம், பிற்பகலில் சேர்ந்தால் மறுநாளிலிருந்து. ஒரு நாள் சம்பளம் போனது, போகட்டும், அதை ஜீப்புக்கு டீசல் போட்டதாக வைத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று ஜூன் 30. நம் மாநிலத்தில் ஆண்டு ஊதிய உயர்வு காலாண்டுக் கணக்கில் வருவது தங்களுக்குத் தெரியாததல்ல. ஜூன் 30 முற்பகல் என்றால் நான் ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்காரி, அடுத்த ஏப்ரல் 1-ல் எனக்கு இன்கிரிமென்ட். அதே ஜூன் 30 பிற்பகல் என்றால் என் பணி ஜூலை 1-ல் தொடங்கியதாகக் கணக்கு, இன்கிரிமென்ட்டும் ஜூலை 1-ல்தான். 19,500 ரூபாயில் தொடங்குகிறவளுக்கு முதல் உயர்வு 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு 1,800, அதன்மேல் அகவிலைப்படி. பதவி உயர்வு வந்து கணக்கு மாறும்வரை ஒவ்வொரு வருஷமும் இதே மூன்று மாதம் பின்னால். தங்கள் பேனா ஒரு கோடு போட்டது. அந்தக் கோடு எத்தனை வருஷத்துக்கு நீளும் பாருங்கள். இவ்வளவு நீளமான கோட்டை நெடுஞ்சாலைத் துறைகூடப் போட்டதில்லை.

பத்து மணிக்கு வந்தவள் பிற்பகலில் சேர்ந்தாள் என்றால் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தணிக்கையில் கேட்பார்கள். அதையும் பதிவு செய்துவிடுகிறேன். எனக்கு ஒதுக்கிய இருக்கை ஆ3. ஆ3-க்கு மேஜை உண்டு. மேஜைமேல் மூன்று வருஷத்துக் கட்டுகள் உண்டு, மூன்று வருஷமாக அந்த இருக்கையில் ஆள் இல்லையாம். நாற்காலி இல்லை. "பாப்பா, அப்படி ஓரமா நில்லு, சார் வந்துடுவாரு" என்றார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று விதித்தார்கள். புடவைக் கடைப் பெண்ணுக்கு அந்த உரிமை உண்டு. அரசு அலுவலகங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தெரிந்ததால் கேட்கவில்லை, நின்றேன்.

நின்றபடியே அலமாரியை நோட்டமிட்டேன். 'தென்னாற்காடு மாவட்டம்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப், கைப்பிடி தேய்ந்து, மை காய்ந்து கிடந்தது. 30.9.1993-ல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது, 2019-ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சியும் பிரிந்துபோய்விட்டது. அலமாரிக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. பிற்பகலில் அனுப்பியிருப்பார்கள்.

நடுவில் நேர்காணலும் நடந்தது. அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் எப்போது, புதிதாகச் சேர்ந்திருக்கிறாயே ஸ்வீட் எங்கே. அப்புறம், விழுப்புரத்தில் எந்தத் தெரு. எந்தத் தெரு என்று கேட்டது தபால் அனுப்புவதற்கு அல்ல என்பது எனக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். தேர்வாணையம் கேட்டு வாங்கிய சாதிச் சான்றிதழ் என் கோப்பிலேயே இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்க வெட்கம், என் வாயைப் பிடுங்க மட்டும் வெட்கமில்லை. ஊர் பெயரை மட்டும் சொன்னேன்.

பதினொன்றரை வாக்கில் மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் உறைபோட்ட மனு. "சார் இல்ல, மத்தியானம் வாங்க" என்றார்கள். போய்விட்டு வர பஸ் காசு இல்லை என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவைத் திறந்து பாதியை நீட்டினேன். வாங்கிக்கொண்டே, "நீ என்ன மனு போட வந்த கண்ணு?" என்று கேட்டார். வேலைக்குச் சேர வந்திருக்கிறேன் என்றேன். நம்பவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் மரியாதை குறையப் பேசுகிறேன், பொறுத்தருள்க. தாமதமாக வந்தது யார்? நானா? அந்த அம்மாவா? வந்தது தாங்கள், கழிந்தது எங்கள் நாள். கூட்டம் என்றால் கூட்டம்தான், அதில் தப்பில்லை. ஆனால் தாங்கள் இல்லாத மூன்று மணி நேரத்தை யார் கணக்கில் எழுத வேண்டும்? தங்கள் பயணப்படிப் பட்டியலில் அது அலுவல் நேரம். எங்கள் கணக்கில் மட்டும் அது நடக்காத காலை. மேலே இருப்பவர் பிந்தினால் கீழே நிற்பவர் பிந்தியதாக எழுதுவது நிர்வாகம் இல்லை ஐயா, திருட்டு. ஒருவருடைய காலையைத் திருடி, களவு போனதற்கு அவரிடமே கையெழுத்து வாங்குவது.

மன்னிக்கவும். தகுதிகாண் பருவத்தில் இருப்பவள் இப்படிப் பேசக்கூடாது. தங்கள் கருணையால்தான் பவானிசாகர் பயிற்சிக்கு என் பெயர் போக வேண்டும், தங்கள் கையெழுத்தால்தான் 'களஞ்சியம்' சம்பள மென்பொருளில் என் எண் ஏறிச் சம்பளம் வர வேண்டும். எனவே மீண்டும் புகழ்ச்சிக்கு வருகிறேன். தாங்கள் பிந்திப் பிறந்தது தமிழ்நாட்டின் நற்பேறு. இதே திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரார் 23.3.1947 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்றார். நல்லவேளை, அவருடைய பணியேற்பு அறிக்கை தங்கள் மேஜைக்கு வரவில்லை. வந்திருந்தால் 'மு'வை அடித்து 'பி' போட்டு, ஓமந்தூராரையே சுருக்கொப்பம் இடச் சொல்லியிருப்பீர்கள். மகாத்மாவின் சீடர், உண்மைக்கு மாறாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஊருக்கே திரும்பியிருப்பார். நாடு ஒரு நல்ல முதல்வரைப் பிற்பகலில் இழந்திருக்கும்.

நின்ற நேரத்தில் எதையாவது படிப்போம் என்று மாவட்ட அலுவலக நடைமுறை நூலைப் புரட்டினேன். டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்காரர் பெயரில் வழங்கும் முறைதான் இன்றைக்கும் ஓடுகிறது. வருகிற தாள் எதுவானாலும் தபால் பிரிவில் தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, உரிய இருக்கைக்கு அனுப்ப வேண்டும். முடிந்த கோப்பு ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம், டி.டிஸ் என்றால் பத்து வருஷம், எல்.டிஸ் என்றால் ஒரே வருஷத்தில் கிழித்துவிடலாம். ஒரு கூரியர் விளம்பரத்துக்குக்கூட வந்த நேரத்தில் முத்திரை விழுகிறது. அதே தபால் பிரிவுக்கு எதிரே நின்ற என் கையில் இருந்த தாளுக்கு மட்டும் முத்திரை குத்த, சார் வர வேண்டியிருந்தது. என் முற்பகலைத் தாங்கள் எந்த டிஸ்ஸில் முடித்து வைத்தீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

கோரிக்கை ஒன்றே ஒன்று. புதிதாகச் சேர வருகிறவர் அறிக்கையை நீட்டிய மணியிலேயே தபாலில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளட்டும். அந்த முத்திரையே அவர் சேர்ந்த நேரம். அலுவலர் கூட்டத்தில் இருந்தாலும், வழியில் இருந்தாலும், வீட்டில் இருந்தாலும் அவருடைய கையெழுத்து மெதுவாக வரட்டும், அதற்காகச் சேர்ந்த நேரம் நகர வேண்டாம். மனு கொண்டுவரும் அம்மாக்களுக்கும் இதே ஏற்பாடு. மூன்று நாள் தாமதமாக வந்தால் அரை நாள் தற்செயல் விடுப்பு கழியும் என்பது எங்களுக்கு உள்ள விதி. அதை ஜீப்பில் வருகிறவர்களுக்கும் நீட்டலாமா என்று கேட்க ஆசைதான். முதல் வாரத்திலேயே வேண்டாம் என்று விடுகிறேன்.

இதற்கான ஆணையை எழுதத் தங்களுக்கு நேரம் இருக்காது. கவலை வேண்டாம். ஆ3-க்கு வரும் கடிதத்துக்குக் குறிப்பெழுதி வரைவு வைப்பதுதான் இப்போது என் வேலை. வரைவு தயாராகத் தங்கள் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் போதும். முற்பகலில்.

தங்கள் உண்மையுள்ள,
இளநிலை உதவியாளர் (பி.ப.), ஆ3