ஒண்ணுமில்ல சார்

தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்ற சொல்லுக்கு இரண்டே அர்த்தம்தான். பெற்றோருக்கு என்றால் இன்ஜினியரிங் சீட். ஆசிரியருக்கு என்றால் டிரான்ஸ்பர். இரண்டுக்கும் தரவரிசை உண்டு, காலிப் பணியிடப் பட்டியல் உண்டு, விடிய விடிய உட்காருவது உண்டு, கோர்ட்டில் தடை வாங்குவதும் உண்டு. ஒரு பிள்ளையை எதிரே உட்காரவைத்து "என்னப்பா ஆச்சு?" என்று கேட்பதற்கும் அதே பெயர்தான் என்று சொல்லிப் பாருங்கள். "அதுக்குத்தான் பி.டி. வாத்தியார் இருக்காரே" என்பார்கள்.

இருக்கிறார். அவர் கழுத்தில் விசில் இருக்கிறது. அவருடைய பீரியடைத்தான் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். நாடு பதறியது. பதறியதன் பலனாக நமக்குக் கிடைத்தது வேன். நடமாடும் உளவியல் ஆலோசனை மையம் என்று அதற்குப் பெயர். மாநிலம் முழுவதற்கும் 10 வேன்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு மாவட்டங்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மட்டுமே 6,000-க்கு மேல் இருக்கின்றன. வேனுக்கு 600 வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆகாமல், டீசல் தீராமல், மந்திரி விழாவுக்குத் திருப்பிவிடப்படாமல் நாளுக்கொரு பள்ளி என்று ஓடினாலும் ஒரு சுற்று முடிய மூன்று வருடம் ஆகும். அதாவது, ஒன்பதாம் வகுப்பில் அழுகை வந்த பிள்ளை அதைப் பத்திரமாக அடக்கிவைத்து, பன்னிரண்டாம் வகுப்பில் வேன் வரும்போது அழ வேண்டும். அன்று பார்த்து மாதிரித் தேர்வு இருக்கக் கூடாது.

வேனுக்குப் பிறகு எண் வந்தது. பள்ளிக்கல்விக்கு 14417, மத்திய அரசின் மனநலச் சேவைக்கு 14416, குழந்தைகளுக்கு 1098. மூன்றும் நல்ல எண்கள்தான். மறுமுனையில் பேசுபவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுவரில் எண்ணை எழுதிவைத்த அதே பள்ளியில்தான் செல்போன் கொண்டுவந்தால் பறிமுதல் என்றும் எழுதியிருக்கிறது. வீட்டில் ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையில். அப்பாவால்தான் பிரச்சினை என்றால், அவரிடமே போனை வாங்கி, அவர் பக்கத்திலேயே நின்று சொல்லலாம். தடையேதும் இல்லை.

எண்ணுக்குப் பிறகு பெட்டி. 'மாணவர் மனசு' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டியிருக்கிறது. சீட்டுப் போடும் பிள்ளையும் எல்லோர் கண்ணிலும் படும். திறந்து படிக்கும் குழுவில் தலைமையாசிரியரும் உண்டு. புகார் அவரைப் பற்றியதாக இருந்தால் உடனுக்குடன் சேர்ந்துவிடும், தபால் செலவு மிச்சம். பெட்டியிடம் அரசுக்குப் பிடித்த குணங்கள் எல்லாம் இருக்கின்றன. சம்பளம் கேட்காது. அகவிலைப்படி கேட்காது. பழைய ஓய்வூதியம் வேண்டுமென்று மறியலில் உட்காராது. இதைவிட நல்ல ஊழியரை எந்தத் தேர்வாணையம் தேர்ந்தெடுத்துத் தரும்?

வேன், எண், பெட்டி. பிள்ளைகள் சொல்வதைக் கேட்க, காது இல்லாத பொருள்களாகப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறோம்.

2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. அந்த ஆண்டில் தேர்வுத் தோல்வி காரணம் என்று பதிவானவை 2,248. நாமோ ரிசல்ட் நாளன்று மட்டும் டி.வி.யின் அடியில் உதவி எண்ணை ஓடவிட்டு, மறுநாள் அதிக மதிப்பெண் வாங்கியவரின் பேட்டிக்குப் போய்விடுகிறோம். மீதிப் பேர் எந்த ரிசல்டுக்காகக் காத்திருந்தார்கள்?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பேச்சுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கப் பார்த்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும் என்றது. நீதிபதிகளுக்கு நம் கோட்டையின் மந்திரச் சொல் தெரியாது. கூடுதல் பொறுப்பு! நாளைக்கே ஓர் உயிரியல் ஆசிரியை மூன்று நாள் பயிற்சிக்குப் போவார், மதியச் சாப்பாடும் சான்றிதழும் வாங்குவார், நான்காம் நாள் மனநல ஆலோசகராகத் திரும்புவார். ஏற்கனவே எமிஸ் இணையதளத்தில் வருகைப்பதிவு ஏற்றி, வாக்காளர் பட்டியல் திருத்தி, மிதிவண்டிக்குக் கையெழுத்து வாங்கிய அதே விரலால் இனி கண்ணீரையும் பதிவேற்றுவார். ஆம், இல்லை என்று இரண்டே கட்டம் இருக்கும்.

ஆளையே நியமிக்கிறோம் என்றால் அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது என்றார்கள். மே மாதத்தில் அவர்களுக்குப் பசிக்காது என்பது அரசின் துணிபாக இருந்தது. ஆலோசகரையும் அப்படியே எடுக்கலாம். மன உளைச்சல் என்றால் என்ன என்று பாடமெடுக்க அவருக்குப் புத்தகம் தேவைப்படாது.

தனியார் பள்ளிகளைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். அங்கே கவுன்சிலர் உண்டு, சிற்றேட்டில் நீச்சல் குளத்துக்கும் குதிரையேற்றத்துக்கும் நடுவில் சிரிக்கிறார். ஏப்ரல், மே மாதங்களில் அட்மிஷன் மேசையில் இருப்பார். மாணவி சொன்ன ரகசியம் சாயங்காலம் தாளாளர் மேசைக்குப் போகும், மறுநாள் டி.சி.யாகத் திரும்பும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மட்டும் என்னால் கேலியாகச் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றவன் அவன். ஏன் வரவில்லை என்று கேட்டபோது சொன்னான். பெட்டியில் போடவில்லை, பள்ளியிலேயே சொன்னான். பிறகுதான் அரிவாள் வந்தது. சொன்ன பிள்ளையை அன்றைக்கு வீடுவரை நினைத்துப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவருக்கு அங்கே பதவியே கிடையாது.

அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று அதில் இருந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது என்றும் இருந்தது. ஊரெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. தொலைக்காட்சியில் ஒரு வாரம் கயிறு இழுத்தார்கள். நல அலுவலருக்காக ஒரு தொண்டையும் கட்டவில்லை.

அந்த வேலை ஒன்றும் மாயமில்லை. முழுக்கைச் சட்டையைக் கோடையிலும் ஏன் மடிக்கவில்லை என்று கவனிப்பது. திங்கள்தோறும் வராத பிள்ளைக்கு ஞாயிறு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது. கேட்டதை ஸ்டாஃப் ரூமில் சொல்லாமலிருப்பது. மருத்துவர் தேவையென்றால் மாவட்ட மருத்துவமனைக்குக் கூடவே பஸ் ஏறுவது. முக்கியமாக, பிள்ளை முதலில் சொல்லும் பதிலை நம்பாமல் இன்னும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. எம்.எஸ்.டபிள்யூ. படித்து இதையெல்லாம் கற்றுக்கொண்டு, மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை வசூலுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஒரு அறை, இரண்டு நாற்காலி, மூடக்கூடிய ஒரு கதவு போதும். அறை இருக்கிறது, அதில் விலையில்லா மிதிவண்டிகள் நிற்கின்றன.

மூன்றாவது பீரியட். தலைமையாசிரியர் அறை வாசலில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். அவர் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்குகிறார். சர்வர் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லன்னா கிளாஸுக்குப் போ."

மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு சாக்லேட் தாள் இருந்தது. பதிவேட்டில் எழுதினார்கள்: புகார்கள், இல்லை.