வால்வு ட்யூபும் கேமராவும்

1978இல் மேற்கு மாம்பலத்துப் பையன்கள் போலீஸ்காரரைக் கண்டு பயந்தது இரண்டே குற்றங்களுக்காகத்தான். ஒன்று, சைக்கிளில் டபுள்ஸ் போவது. மற்றது, இருட்டிய பிறகு விளக்கில்லாமல் போவது. ஒரு மாலை இரண்டையும் ஒரே மிதியில் செய்தேன். கேரியரில் பக்கத்து வீட்டு நண்பன். டைனமோ மூன்று மாதமாக மௌன விரதம்.

தெருமுனையில் ஏட்டையா கையை நீட்டினார். நண்பன் குதித்து ஓடிவிட்டான். ரசீது கிடையாது, அபராதம் கிடையாது. நிதானமாகக் குந்தி உட்கார்ந்து, பின்சக்கரத்தின் வால்வைத் திருகிக் கழற்றி, ‘புஸ்’ என்று காற்று முழுவதும் போகும்வரை காத்திருந்து, வால்வு ட்யூபை என் உள்ளங்கையில் வைத்தார். “தள்ளிக்கிட்டே போ. வீடு வர்றதுக்குள்ள புத்தி வந்துடும்.”

வந்தது. எனக்கு முன்னால் செய்தியும் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: “வேகமா வந்தியாடா?” அந்த அட்லஸ் சைக்கிளை டபுள்ஸோடு மிதித்தால் மணிக்கு பதினைந்து கிலோமீட்டர் தேறினால் அதிகம். அப்பாவின் அகராதியில் அதுவே வேகம்.

அன்று எங்கள் தெருவுக்கு வேக வரம்பு என்ன என்று யாருக்கும் தெரியாது, மீறவும் முடியாது. காலையில் கோலம் போடுகிறவர்கள், அதன் பிறகு பால்காரரின் எருமைகள், மாலையில் கில்லி ஆடும் பிள்ளைகள். இவர்களைத் தாண்டினால் திண்ணைத் தாத்தா. யாராவது சற்று விரைந்தால் போதும், “எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறே?” என்று ஒரு குரல் வரும். பிடிக்கக் கோட்டை இல்லாதவர்கள் பிரேக் பிடித்தார்கள்.

இன்று எல்லாம் முறைப்படி நடக்கிறது. வேகத்தைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்தன. 2023 நவம்பரில் சென்னைக்குப் புதிய வரம்புகளும் வந்தன: கார்களுக்கு 60 கிலோமீட்டர், இருசக்கர வாகனங்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புத் தெருக்களில் யாராக இருந்தாலும் 30. காலை ஒன்பது மணிக்கு கோடம்பாக்கம் பாலத்தில் நிற்கும்போது இந்த 60 எனக்கு ஒரு லட்சியமாகவே தோன்றும். சட்டத்தை மீற ஆசைப்பட்டாலும் முன்னால் நிற்கும் பஸ் விடாது.

ஆனால் விதி விளையாடும் நேரம் வேறு. ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு, காலியான சாலையில், நாற்பது வருஷத்து நெரிசலுக்கெல்லாம் பழிவாங்குவதுபோல் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். சில நாள் கழித்து செல்போன் சிணுங்கியது. என் காரின் படம், நம்பர் பிளேட், 72 என்ற எண், ஆயிரம் ரூபாய். 1988ஆம் ஆண்டு சட்டப்படி முதல்முறை மாட்டினால் 400 ரூபாய்க்குள் போயிருக்கும். 2019இல் சட்டத்தைத் திருத்திய பிறகு காருக்குக் குறைந்தபட்சமே ஆயிரம். கெஞ்ச ஏட்டையா இல்லை. கேமராவிடம் “சார், சார்” என்று எத்தனை முறை சொல்வது?

மனைவி எட்டிப் பார்த்தாள். “டெலிவரி பசங்களைத் திட்டுவீங்களே, அந்த வாய்க்கு வந்த ரசீது இது” என்றாள். காற்றைப் பிடுங்கிய சத்தம் மறுபடி கேட்டது.

திட்டுவது உண்மை. திண்ணை இருந்த இடத்தில் இப்போது கார் பார்க்கிங். அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரும் இன்றைய தாத்தா நான்தான். எங்கள் தெருவில் கேமரா கிடையாது, பலகையும் கிடையாது. இருப்பது ஒரு வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, ஏறி இறங்குவது தெரியாமல் வளைந்திருக்க வேண்டும். எங்களுடையது ஒரு வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட்டில் செய்தது. ஒரு அடி அகலம், முதுகெலும்பைக் குறிவைத்த உயரம். என்னைப் போன்ற வயதானவர்கள் அதில் ஏறி முனகுகிறார்கள். பையன்கள் ஓரத்து இடுக்கில் நெளிந்து, வேகம் குறையாமல் போய்விடுகிறார்கள்.

கணக்கு எளிது. 60இல் வருகிறவன் பிரேக்கை நினைத்து, மிதிக்க எடுக்கும் ஒரு நொடிக்குள் 16 மீட்டர் தாண்டியிருப்பான். எங்கள் தெருவில் அது இரண்டு வீட்டு வாசல். 30இல் வந்தால் ஒரு வாசல். பந்தைத் துரத்தி ஓடிவரும் பிள்ளை எந்த வாசலிலிருந்து வருவான் என்று யாருக்குத் தெரியும்? மோதலின் உக்கிரமோ இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 60ஐ நம்மால் எட்ட முடியாத பெரிய சாலையில் கருவிகள் காவல் இருக்கின்றன. 30 உயிரைக் காக்கும் சின்னத் தெருவை அவரவர் மனசாட்சியிடம் விட்டிருக்கிறோம்.

அந்த மனசாட்சியும் லேசுப்பட்டதல்ல. போன வாரம் காபிப்பொடி தீர்ந்துபோனது. செல்போனில் சொன்னேன், பத்து நிமிடத்தில் வரும் என்றது. பன்னிரண்டாவது நிமிடம் பால்கனியில் நின்று, “எங்கே தொலைஞ்சான்?” என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது சாட்சாத் நான்தான். அந்தப் பையன் எந்தக் கோட்டையைப் பிடிக்க ஓடுகிறான் என்று அப்போது புரிந்தது. கோட்டைக்குள் உட்கார்ந்திருப்பது நான்.

எங்கள் தெருவின் வேக வரம்பு 30. பலகை இன்னும் வராததால் இங்கே எழுதி வைக்கிறேன். வண்டியில் வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, பால்கனியில் காத்திருப்பவர்களுக்கும்.