பதினெட்டு முடிஞ்சதா, இடத்தைக் காலி பண்ணு

அரசு இல்லத்தில் வளரும் ஆதரவற்ற பிள்ளைக்குப் பதினெட்டாவது பிறந்தநாளில் அரசு ஒரு பரிசு தருகிறது: தெரு. முதல் நாள் இரவு வரை அவன் குழந்தை. அரசே அப்பன், அரசே ஆத்தா. விடிந்தால் அவன் குடிமகன். ஓட்டுப் போடலாம், ஜெயிலுக்குப் போகலாம், படுக்கத்தான் இடமில்லை. பெற்ற மகனை இருபத்தெட்டு வயதிலும் மாடி அறையில் ஏசி போட்டுத் தூங்கவைக்கிற ஒரு புண்ணியவான்தான், பெரும்பாலும், இவனை வெளியே அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடுகிறார்.

சட்டத்தைக் குறை சொல்லக் கூடாது. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, வெளியேறும் பிள்ளைகளுக்குப் பிற்காப்பு, அதாவது வெளியே போன பிறகும் ஆதரவு, உண்டு என்கிறது. 21 வயது வரை நீளும். மிகவும் கெஞ்சினால் 23. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்.

அந்த நாலாயிரத்தோடு மதுரைப் பக்கத்துப் பரவைக்கு வாருங்கள். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்க ஆள் தேவைதான். உடம்பு இருந்தால் போதும், ஊர் கேட்க மாட்டார்கள். வீடு தேடும்போதுதான் விசாரணை ஆரம்பம். “கல்யாணம் ஆயிருச்சா தம்பி?” இல்லை. “அப்பா என்ன பண்றாரு?” தெரியாது. “சரி, நீங்க என்ன ஆளுக?” அதுவும் தெரியாதுண்ணே. முடிந்தது கதை. சாதி ஒழிக என்று மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கத்துகிற நாட்டில், நிஜமாகவே சாதி தெரியாத ஒருவன் வாசலில் வந்து நின்றால் அவன் முகத்தில் அடைக்க ஒரு கதவு, அட்வான்ஸை ஏற்றிக் கேட்க ஒரு சாக்கு.

சரி, அரசுத் திட்டம்? நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் லட்சம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. பரவை பேரூராட்சியில் லட்சம் தலை கிடையாது. கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். அது கிராமத்துக்கு, அதுவும் சொந்த மனை உள்ளவனுக்கு. பரவையோ பேரூராட்சி. காப்பகத்துக்கு ஊர் சிறிசு, கனவுக்கு ஊர் பெரிசு. மாணவர் விடுதிகளுக்கு 2025இல் ‘சமூகநீதி விடுதி’ என்று புதுப் பெயர் வைத்தார்கள். போர்டு எழுதியவருக்காவது கூலி கிடைத்திருக்கும். படிப்பை நிறுத்திவிட்டு மூட்டை தூக்குகிறவனுக்கு அதில் கட்டில் இல்லை.

நிதி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், வயிறு எரிகிறது. பரவையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில், 62 கோடிக்கு மேல் கொட்டி ஏறுதழுவுதல் அரங்கம் கட்டி 2024 ஜனவரியில் திறந்தார்கள். காளைகளுக்கு இளைப்பாற இடம் உண்டு, வைத்தியம் பார்க்க வசதி உண்டு. பண்பாடு அல்லவா! அந்த 62 கோடியை மாதம் நாலாயிரமாகப் பிரித்தால் ஏறக்குறைய 12,900 பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் ஓடும். அவ்வளவுகூட வேண்டாம். வார்டனும் இருபது கட்டிலும் பூட்டுப் போட்ட பெட்டியுமாக மார்க்கெட் பக்கம் ஒரு கட்டடம், மூன்று வருஷம் வெளியே துரத்தாத உத்தரவு, அதற்கென்று பட்ஜெட்டில் தனித் தலைப்பு. இதற்குக்கூட வக்கில்லையா?

இல்லையென்றால் வாடிவாசல் சும்மா கிடக்கும் மாதங்களில் அரங்கத்தையாவது திறந்துவிடுங்கள். காளைகள் ஆட்சேபிக்காது. அட்வான்ஸ் எவ்வளவு என்று மட்டும் பொதுப்பணித் துறை இப்போதே சொல்லிவிட்டால், பயல்கள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.