கத்தரிக்காய்க்கு டிடிஎஸ் எவ்வளவு?

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய பட்டியல் ஒன்று உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் மறுபடி எழுந்தருளியதும் கடைசி வரி காலாவதியாகிவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடி, முதல் வரியையும் கொஞ்ச நாள் பொய்யாக்கியது. மரம் விஷயத்தை மட்டும் மொட்டை மாடிக்காரர்கள் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆம்பூரில் அப்படி ஒருவர். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் அவசியமில்லை, தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தொகுப்பை வாங்கி வந்தார். பைகள், தென்னை நார்க் கட்டி, விதைப் பொட்டலம், உயிர் உரம் என்று எல்லாம் அதிலேயே இருந்தன. தண்ணீர் மட்டும்தான் இல்லை. அதுதான் வீட்டில் போர் இருக்கிறதே என்று நினைத்தார்.

அவருக்கு வேண்டியது முள்ளு கத்தரி. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைந்து பேர் வாங்கிய ரகம், 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. காம்பைத் தொட்டால் முள் விரலைப் பதம் பார்க்கும். ஆனால் ஆம்பூரில் கத்தரிக்காய் இல்லாத பிரியாணிப் பந்தி என்று ஒன்று கிடையாது. சீரக சம்பா சோறு ஒரு பக்கம், எண்ணெய் மிதக்கும் புளிப்புக் கத்தரிக்காய் மறுபக்கம். மாடியில் காய்க்கும் கத்தரியை வைத்தே மகன் கல்யாணப் பந்தியைச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார் மனிதர்.

செடி முழங்கால் உயரம் வந்தது. பிறகு இலை ஓரம் காகிதத்தைத் தீயில் காட்டியதுபோல் கருகத் தொடங்கியது. வெயில் என்றார். வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திரத்தைத் தெரிந்தவர் யாரும் மறுக்க மாட்டார்கள். இன்னும் ஒரு வாளி ஊற்றினார். இன்னும் கருகியது. பை ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பூஞ்சை என்று வேப்பெண்ணெய் அடித்தார். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தது அவர் மனைவிதான்.

“பூஞ்சையும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. உப்பு.”

இந்த வட்டாரத்தில் உப்பு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எல்லாம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் புண்ணியம். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை உப்புப் போடுவார்கள். தொழிற்சாலையில் முதல் வேலையே அதை அலசி வெளியேற்றுவது. ஒரு காலத்தில் அந்தத் தண்ணீர் நேராகப் பாலாற்றுக்கும் ஏரிக்கும் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே இருக்கிறது: ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர், தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் அங்கம் என்று அறிவித்தது வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில் வந்த இந்தத் தீர்ப்பு. அதற்கு முன்பு, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலமும் இருந்தது. குரோமியம் வந்த பிறகு ஆவாரஞ்செடியைக் கேட்பாரில்லை. யாரும் தண்ணீர் ஊற்றாத சாலையோரத்தில் அது இன்றைக்கும் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகிறது. நம்மவர் அதைத் தாண்டிப் போய்த்தான் நர்சரியில் ரோஜா வாங்குவார்.

சூப்பர்வைசர் சும்மா இருப்பாரா? தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினார். அன்றிலிருந்து சுகர் அளவு கேட்பதுபோல் அக்கம்பக்கத்து வீடுகளில் போர் தண்ணீர் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். குடிநீரில் 500-க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தெருவில் பாதிப் பேர் சொன்ன எண்ணைக் கேட்டால் கத்தரி தானாகவே வாடிவிடும்.

அடுத்து சிக்கன யோசனை ஒன்று உதித்தது. வீட்டு ஆர்ஓ மெஷின் வீணாகக் கழிக்கும் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு விட்டார். வடிகட்டிய உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் சேரும். ஒரே வாரத்தில், கத்தரியோடு போட்டிருந்த பீன்ஸ் போய்ச் சேர்ந்தது. பீன்ஸுக்கு உப்பு ஆகவே ஆகாது, கத்தரி கொஞ்சம் தாங்கும், பீட்ரூட்டும் தென்னையும் சப்போட்டாவும் நன்றாகவே தாங்கும். இது வேளாண் புத்தகத்தில் உள்ள வரிசை. அவர் மாடியிலும் செடிகள் அதே வரிசையில்தான் வாடின.

கடைசியில் மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் கைவைத்தார். விடியற்காலையில் இரண்டு குடம் மாடிக்குப் போவதை மனைவி பார்த்துவிட்டார்.

“குடிக்கிற காவிரித் தண்ணியக் கத்தரிக்கு ஊத்துறீங்களா? தஞ்சாவூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சா கோர்ட்டுக்குப் போவாங்க!”

வழி காட்டியது ஐப்பசி மழைதான். மாடி ஈரமாகக் கூடாது என்று ஒவ்வொரு பைக்கும் அடியில் தட்டு வைத்திருந்தார். வடிந்த உப்புத் தண்ணீர் தட்டில் நின்று திரும்பப் பைக்குள்ளேயே ஏறியிருக்கிறது. மழையில் தட்டுகள் நிரம்பி வழிய, எடுத்துக் கவிழ்த்தார். நல்ல தண்ணீர் பைக்குள் இறங்கி, உப்பை அலசிக்கொண்டு அடி ஓட்டை வழியாக வெளியேறியது. பத்து நாளில் கத்தரியில் கருகாத துளிர். தமிழ்நாட்டில் 2003-இலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. இவர் வீட்டிலும் அதற்கான குழாய் இருந்தது, ஆனால் அடிப்பாகம் உடைந்து தெருவுக்குச் சேவை செய்துகொண்டிருந்தது. இப்போது அதன் கீழே ஒரு நீல டிரம் நிற்கிறது. டிரம் காலியாகும்வரை செடி பிழைக்கும். கோடையில் கீரையோடு நிறுத்திக்கொள்கிறார். கல்யாணப் பந்திக்குக் கத்தரிக்காய் மார்க்கெட்டிலிருந்துதான் வந்தது.

இந்தப் பக்கம் மாடித்தோட்டம் போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதை வாங்கும் முன் ஒரு லிட்டர் போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்து, எந்தச் செடிக்கு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். பாட்டில் மேல் ‘போர் தண்ணீர்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தாகத்துக்குக் கேட்டு வாங்கிக் குடித்துவிடப் போகிறார்.