அறிமுகத்தார்

அறிமுகத்தார் அரங்குக்குள் நுழைந்தால் பதிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். பில் போடும் பையன் மட்டும் எழுந்திருக்க மாட்டான். இத்தனை வருடத்தில் இந்த மனிதருக்கு ஒரு தடவைகூட அவன் பில் போட்டதில்லை.

"வாங்க தோழர், டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். புதுசா என்ன வந்திருக்கு?"

சென்னைப் புத்தகக் காட்சியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், இந்தக் கேள்வியை ஆயிரம் பேர் கேட்பார்கள். மற்றவர் கேட்டால் பதிப்பாளர் மேசையைக் கைகாட்டுவார். அறிமுகத்தார் கேட்டால் மேசைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகக் கட்டை எடுத்து நீட்டுவார். ஊருக்கெல்லாம் பத்து சதவீதக் கழிவு, இவருக்கு நூறு.

அறிமுகத்தார் என்பது நான் வைத்த பெயர். அவர் தம்மை 'எளிய வாசகன்' என்றுதான் சொல்லிக்கொள்வார். விமர்சகர் என்று யாராவது சொல்லிவிட்டால் பதறிப்போவார். "ஐயையோ, அதெல்லாம் பெரிய வார்த்தைங்க. நான் நூல் அறிமுகம் மட்டும்தான் செய்யறேன்." பார்ப்பவர்கள் இதை அடக்கம் என்பார்கள். எனக்கென்னவோ இது விவரமாகப் படுகிறது. விமர்சகருக்கு எதிரிகள் வருவார்கள், அறிமுகம் செய்பவருக்குப் பார்சல் வரும்.

பகலில் அவருக்கு ஒரு வங்கியிலோ மின்வாரியத்திலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை இருக்கும். இரவில் ஒரு வலைப்பூ, ஒரு ஃபேஸ்புக் பக்கம், ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு. ஆசை அதிகமானவர் யூடியூபுக்கும் போவார். அங்கே பின்னால் ஓர் அலமாரி தெரிய உட்கார்ந்து, "வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம பார்க்கப்போற புத்தகம்" என்று தொடங்குவார். பின்னால் தெரியும் அலமாரியில் இருப்பவை, நாம் ஒருநாளும் பார்க்கப்போகாத புத்தகங்கள்.

இந்த இனம் இணையத்தோடு பிறந்ததல்ல. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று ஒரு வரி இருக்கும். ஒன்று எழுதுபவருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. எழுத இடமில்லாவிட்டால் 'வரப்பெற்றோம்' என்று தலைப்பிட்டுப் புத்தகத்தின் பெயர், விலை, கிடைக்கும் இடம் மூன்றையும் பொடி எழுத்தில் போட்டுவிடுவார்கள். நேர்மையான பகுதி அது. வந்தது என்றுதான் சொன்னார்கள், படித்தோம் என்று சொல்லவில்லை. அப்படி வந்த பிரதிகளில் பல நடந்தே, பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகும் அவற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் போகவில்லை. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் முதல் பக்கம் மட்டும் பிளேடால் நேர்த்தியாக வெட்டப்பட்ட புதுப்புத்தகம் எதையாவது பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பக்கத்தில் 'அன்புத் தோழருக்கு' என்று யாரோ கையெழுத்திட்டிருந்தார்கள்.

நம்முடையவர் அப்படி விற்பவர் இல்லை. அவரிடம் புத்தகத்தின் மேல் உண்மையான காதல் உண்டு. அதை அவர் காட்டும் நேரம் காலை ஏழு மணி. கிழக்கு வெயில் பால்கனிக்குள் சாய்வாக விழும்போது, பார்சலைப் பிரித்துப் புத்தகத்தைக் கைப்பிடிச் சுவரின் மேல் கொஞ்சம் கோணலாக வைப்பார். பக்கத்தில் டபரா டம்ளரில் காப்பி. ஓர் இட்லிப்பூ. அவருக்குத் தேவையே இல்லாத மூக்குக்கண்ணாடி ஒன்று. முதல் படத்தில் அட்டை பளபளக்கும், இரண்டாவதில் பின்னால் காயும் துண்டு விழும், மூன்றாவதில் அவருடைய கட்டைவிரல் நிழல். படம் சரியாக அமையும்போது காப்பியில் ஆடை கட்டியிருக்கும். உள்ளேயிருந்து, "இன்னொரு தடவை சூடு பண்ணித் தர மாட்டேன்" என்று குரல் வரும். 'இந்தக் காலையைச் செழுமையாக்கிய பதிப்பகத்தாருக்கு அன்பும் நன்றியும்' என்று எழுதிப் படத்தை ஏற்றிவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்துக்கொண்டே விருப்பக்குறிகளை எண்ணுவார்.

அந்த நன்றி வாசகத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. இலவசமாகப் பெற்ற பொருளைப் பற்றி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2009-லேயே அமெரிக்காவில் விதி கொண்டுவந்தார்கள். நம் ஊரில் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் அதே போன்ற நெறிமுறையை வெளியிட்டது. இவை இரண்டும் அறிமுகத்தாருக்குத் தெரியாது. ஆனாலும் யாரும் கேட்காமலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். ஏனென்றால் அந்த நன்றி ஒரு பதிப்பகத்துக்குப் போய்ச் சேரும்போதே மற்ற பதிப்பகங்களுக்கு முகவரியாகவும் வேலை செய்கிறது.

படிக்கும் முறைக்கு வருவோம். முதலில் பின்னட்டை. அடுத்து அணிந்துரை, அதன்பின் ஆசிரியரின் என்னுரை. இந்த மூன்றிலேயே ஓர் அறிமுகத்துக்கு வேண்டிய முக்கால் பங்கு சரக்கு கிடைத்துவிடும். சிறுகதைத் தொகுப்பென்றால் முதல் கதையும் கடைசிக் கதையும். நாவலென்றால் முதல் அத்தியாயம், கடைசி நான்கு பக்கம், 87ஆம் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம். 87ஆம் பக்கத்தை மேற்கோள் காட்டுபவர் முந்தைய 86 பக்கங்களையும் படித்திருப்பார் என்று உலகம் நம்புகிறது. கவிதைத் தொகுப்பென்றால் இன்னும் எளிது. ஒரு கவிதையை முழுதாகத் தட்டச்சு செய்துவிட்டு, 'இதற்கு மேல் நான் என்ன சொல்ல' என்று முடித்துக்கொள்ளலாம்.

மொழி தயாராக இருக்கிறது. எந்தப் புத்தகமானாலும் அது 'முக்கியமான வரவு'. கிராமம் வந்தால் மண்வாசனை, நகரம் வந்தால் நவீன மனிதனின் தனிமை. புரியவில்லையென்றால் அடர்த்தி. கதையில் ஒன்றுமே நடக்கவில்லையென்றால் 'மௌனங்களால் பேசுகிறது'. இறுதியாக, 'வாசித்து முடித்த பின் இரண்டு நாட்கள் என்னால் வேறெதுவும் வாசிக்க இயலவில்லை' என்று ஒரு வரி. இதைப் படித்த அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வேறொரு புத்தகம் இட்லிப்பூவோடு வந்திருக்கும். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

குறை சொல்லாமலும் இருக்க மாட்டார். நடுநிலை வேண்டாமா? அதற்கென்று ஒரே ஒரு குறை வைத்திருக்கிறார்: 'ஆங்காங்கே உள்ள எழுத்துப் பிழைகளை அடுத்த பதிப்பில் களைந்துவிடலாம்.' தமிழ்ப் பதிப்புலகத்தில் இதைவிடப் பாதுகாப்பான குற்றச்சாட்டு கிடையாது. எழுத்தாளர் இதைப் பதிப்பாளர் மேல் போடுவார். பதிப்பாளர் மெய்ப்புப் பார்த்தவர் மேல் போடுவார். மெய்ப்புப் பார்த்தவர், "நான் திருத்திக் கொடுத்தேன், டி.டி.பி.யில ஏத்தலை" என்பார். டி.டி.பி. செய்தவருக்கு இன்னும் பணமே வரவில்லை என்பதால் அவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். யார் மனமும் புண்படாது. தவிர, 'அடுத்த பதிப்பு' என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லோருக்கும் வாயெல்லாம் பல்லாகிவிடும்.

எழுத்தாளர்களின் நிலைமைதான் பரிதாபம். ஒரு காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அச்சடித்தார்கள். இப்போது பி.ஓ.டி. அச்சு முறை வந்த பிறகு நூறு, இருநூறு என்று தேவைக்குத் தக்கபடி அடிக்கிறார்கள். 250 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் 25 ரூபாய், அதுவும் கைக்கு வந்தால். சலுகைக் கட்டணத்தில் புத்தகம் அனுப்ப வசதியாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்திவிட்டது. கூரியர்காரர் ஐம்பது ரூபாய் கேட்கிறார். அறிமுகத்தாருக்கு ஒரு பிரதி போய்ச் சேர, முகம் தெரியாத யாரோ இரண்டு பேர் பணம் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். அந்த இரண்டு பேருக்கு எழுத்தாளர் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இவருக்கோ வாரம் ஒரு முறை போன் செய்கிறார்.

"அண்ணே, புத்தகம் வந்துதாண்ணே?"

"வந்துது தம்பி. அட்டை பிரமாதம்."

"படிச்சீங்களாண்ணே?"

"படிச்சுக்கிட்டே இருக்கேன். வேகமா வாசிக்கிற எழுத்தா அது?"

இந்தப் பதிலை முதல் தடவை கேட்ட எழுத்தாளர் கண்கலங்கிவிடுவார். இது பாராட்டா, தவணையா என்று யோசிக்க அவருக்கு ஆறு மாதம் ஆகும். அதற்குள் அவருடைய அடுத்த புத்தகம் வந்துவிடும்.

அறிமுகத்தார் தாமும் எழுதுபவராக இருந்துவிட்டால் விஷயம் வேறு தினுசு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்குமே, அந்த மொய் நோட்டு மாதிரிதான். யார் யாருடைய தொகுப்புக்கு எத்தனை பத்தி எழுதினார் என்பது இரு பக்கமும் மனப்பாடமாக இருக்கும். நான்கு பத்தி வைத்தவருக்கு மூன்று பத்தி திருப்பி வைத்தால் அடுத்த இலக்கியக் கூட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் வந்து, அமேசான் 'பென் டு பப்ளிஷ்' என்று போட்டியும் நடத்தத் தொடங்கியதும் பத்தி நட்சத்திரமாக மாறியது. ஐந்துக்கு ஐந்து வைத்தால்தான் மரியாதை. நான்கு நட்சத்திரம் போட்டவரை, "என்ன தோழர், உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு முறை அறிமுகத்தார் தடம் மாறினார். ரயிலுக்குக் காத்திருந்தபோது பொழுதுபோகாமல் சொந்தக் காசில் ஒரு நாவல் வாங்கினார். காசு கொடுத்து வாங்கியதால் முழுதாகப் படித்தார். முழுதாகப் படித்ததால் கோபம் வந்தது. அன்றிரவு எழுதிய அறிமுகத்தில் மண்வாசனை இல்லை, மௌனம் இல்லை. நாயகி மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறாள், ஒன்பதாம் அத்தியாயத்தில் எப்படி முருங்கைக்கீரை ஆய்கிறாள் என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தார்.

எழுத்தாளர் ஒன்றும் சொல்லவில்லை. நண்பர்கள் சொன்னார்கள். இவருக்கு உலக இலக்கியம் தெரியுமா என்றார் ஒருவர். இவர் எந்த முகாம் என்றார் இன்னொருவர். கீரை ஆய்வது ஒரு படிமம் என்று மூன்றாமவர் எட்டுப் பகுதியாக எழுதினார். அறிமுகத்தார் மூன்று நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் அந்த நாவலின் பதிப்பாளரே போனில் வந்தார். திட்டப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டே எடுத்தார்.

"தோழர், உங்க புண்ணியத்துல ரெண்டு கட்டு போயிடுச்சு. கீரை வர்ற அத்தியாயத்தைப் பார்க்கணும்னே வாங்கறாங்க. அடுத்த நாவல் அனுப்பறேன், அதையும் கொஞ்சம் திட்ட முடியுமா?"

இந்தப் போன்தான் அறிமுகத்தாரை உண்மையிலேயே நோகடித்தது. வருடக்கணக்காக அவர் பாராட்டிய புத்தகங்கள் எதற்கும் இப்படி ஒரு போன் வந்ததே இல்லை. 'எழுத்து' பத்திரிகையை விமர்சனத்துக்கென்றே 1959-இல் தொடங்கிய சி.சு. செல்லப்பாவாக இருந்தால் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் செல்லப்பா, புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக விற்கப் போனவர். அறிமுகத்தாருக்குப் புத்தகம் வாசலுக்கு வந்துதான் பழக்கம். யோசித்துப் பார்த்துவிட்டு மறுநாள் காலை மறுபடியும் இட்லிப்பூவைப் பறிக்கப் போய்விட்டார்.

அவரை இவ்வளவு சீண்டினாலும் எனக்கு அவர் மேல் ஒரு பிரியம் உண்டு. நாளிதழ்களில் புத்தகத்துக்கு ஒதுக்கிய இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. பெயர் தெரியாத ஊரிலிருந்து முதல் தொகுப்பு போட்ட ஒரு பையனின் பெயரை, அவன் தெருக்காரர்களைத் தவிர வேறு யாராவது உச்சரிக்கிறார்கள் என்றால் அது இவர்தான். படிக்காமல் உச்சரித்திருக்கலாம். உச்சரித்தாரே! பதிப்பாளருக்கும் இது தெரியும். இருநூறு பிரதி அடித்து, பத்தை இவரைப் போன்றவர்களுக்குக் கொடுப்பது விற்பனைக்காக அல்ல. எழுத்தாளர் போன் செய்து, "யாராவது எழுதினாங்களா சார்?" என்று கேட்கும்போது எடுத்துக் காட்ட ஏதாவது வேண்டும் அல்லவா?

போன வருடம் அறிமுகத்தார் தம் அறிமுகங்களையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். "நூறு பிரதி நீங்க எடுத்துக்கணும் தோழர்" என்று பதிப்பாளர் பிரியமாகச் சொல்லிவிட்டார். எடுத்துக்கொண்டார். வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் சொந்தச் செலவில் கூரியர் அனுப்பினார். பத்து நாளில் முதல் அறிமுகம் வந்தது. 'முக்கியமான வரவு' என்று தொடங்கி நான்கு பத்தி. அன்று இரவு பத்தரை மணிக்கு எனக்குப் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு கொதிப்பு.

"சத்தியமா சொல்றேன் தோழர், அவன் புத்தகத்தைத் திறந்தே பார்க்கலை. படிக்காமலேயே எழுதியிருக்கான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டாவது பத்தி முழுக்க அப்படியே பின்னட்டையில இருக்கிறது."

"பின்னட்டையை யாராவது பெரிய ஆள் எழுதியிருப்பாங்க. பிடிச்சுப்போய் எடுத்துப் போட்டிருக்கலாம்."

"யாரோ எழுதலை தோழர். பெரிய எழுத்தாளர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். படிக்க நேரமில்லை, நீங்களே நல்லதா நாலு வரி எழுதி என் பேரைப் போட்டுக்கங்கன்னுட்டார்."